டால்ஃபினை விற்றிருக்க வேண்டாம்

நீலசந்திராவின் குறுகிய தெருக்களில் நாங்கள் இளமையில் ஓட்டிய சிபானி டால்ஃபினை இன்றைய இளைஞர் அறியார். 1982-இல் சந்தைக்கு வந்த அக்கார் பெங்களூரிலேயே தயாரானது. இங்கிலாந்தின் ரிலையன்ட் கிட்டனின் வழிவந்தது. கண்ணாடியிழை உடற்கூடு, இரண்டே கதவுகள், 848 சி.சி. எஞ்சின். எடை குறைவென்பதால் ராலிப் பந்தயங்களிலும் அது பெயரெடுத்தது. வார இறுதிகளில் நாங்களும் எங்களைப் பந்தய வீரர்களாகவே எண்ணிக்கொண்டோம்!

1983 இறுதியில் மாருதி 800 வந்தது. பெற்றோரும் பிள்ளைகளுமாகப் பெருகிய வீட்டுக்கு நான்கு கதவுகள் தேவைப்பட்டன. டால்ஃபினை விற்றோம்.

வீட்டில் பழைய கார் நின்றால், மறுவிற்பனை விலையை மட்டும் கணக்கிட்டு அதனை அனுப்பிவிடலாகாது என்பதே எங்கள் கருத்து. அன்று கைக்கு வந்த தொகை எதற்குச் செலவாயிற்றென்று நினைவில்லை. அந்த இலேசான கதவு மூடும் ஓசை மட்டும் இன்னும் நினைவிருக்கிறது.