நிறுத்திய பிறகு என்ன மிஞ்சும்? நினைவாற்றல் சப்ளிமென்ட்கள் குறித்து எங்கள் நிலைப்பாடு

பொதுத்தேர்வு நெருங்கும் மாதங்களில் மருந்துக்கடைகளில் ஒரு கேள்வி தவறாமல் வரும். "பரீட்சை முடியற வரைக்கும் குடுத்தா போதுமா, இல்ல அப்புறமும் குடுக்கணுமா? நிறுத்திட்டா பழையபடி ஆயிடுமா?" கேட்கிறவர் கையில் வல்லாரை மாத்திரை இருக்கும், அல்லது பிராமி சிரப், ஒமேகா-3 கேப்ஸ்யூல், பெயரிலேயே 'மெமரி' ஒட்டிக்கொண்ட ஏதாவது ஒரு டானிக். கடைக்காரர் ஒன்று சொல்வார், டாக்டர் இன்னொன்று சொல்வார், யூடியூப் மூன்றாவதாக ஒன்று சொல்லும். மருத்துவர்களும் மருந்தாளுநர்களும் ஆசிரியர்களும் உறுப்பினர்களாக உள்ள எங்கள் அமைப்பு, இதற்கு ஒரே பதிலை எழுத்தில் வைப்பது நல்லது என்று கருதுகிறது.

எங்கள் நிலைப்பாடு இதுதான். சத்துக் குறைபாடு இல்லாத ஒருவருக்கு, அறிவுத்திறனைக் கூட்டும் என்று விற்கப்படும் எந்தச் சப்ளிமென்டும் நிறுத்திய பிறகும் நிலைக்கும் பலனைத் தருகிறது என்று சொல்லப் போதிய சான்று இல்லை. சாப்பிடும் காலத்தில் கிடைக்கும் பலனே பலவற்றில் சிறியது, சிலவற்றில் அறவே இல்லை. ஆகவே 'நிரந்தர நினைவாற்றல்' என்ற பேச்சை நாங்கள் ஏற்கவில்லை. குறைபாடு உள்ளவர்களின் கதை வேறு. அதைத் தனியாகச் சொல்கிறோம்.

பலன் நிலைக்கிறதா என்று அறிய ஒரே வழி, மாத்திரையை நிறுத்தி, சில வாரம் விட்டு, அதே ஆளை மறுபடி சோதிப்பது. செலவு பிடிக்கும் வேலை, விற்பனைக்கு உதவாத வேலை. அதனால் பெரும்பாலான ஆய்வுகள் கடைசி மாத்திரையோடு முடிந்துவிடுகின்றன. விதிவிலக்காக, 2002இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு 40 முதல் 65 வயது வரையுள்ள 76 பேரில் பிராமியைச் சோதித்தது. மூன்று மாதம் கொடுத்து ஒருமுறை, நிறுத்தி ஆறு வாரம் கழித்து மறுமுறை என்று அளந்தார்கள். புதிதாகக் கேட்டதை மறக்கும் வேகம் சற்றுக் குறைந்திருக்கலாம், கற்கும் வேகத்தில் மாற்றம் இல்லை என்பது அவர்கள் கண்டது. கேள்வியைச் சரியாகக் கேட்ட ஆய்வு என்பதால் அதை மதிக்கிறோம். ஆனால் இத்தனை சிறிய எண்ணிக்கையில், நடுத்தர வயதுக்காரர்களிடம் கிடைத்த முடிவைத் தூக்கிவந்து பிளஸ் டூ மாணவிக்குப் பொருத்த முடியாது.

பிராமி என்ற பெயரில் இரண்டு செடிகள் சந்தையில் உலவுகின்றன என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். அந்த ஆய்வில் கொடுத்தது நம் ஊர் நீர்ப்பிரமி, தாவரப் பெயர் பகோப்பா மொன்னியெரி. வல்லாரை வேறு, அது சென்டெல்லா ஆசியாட்டிகா. ஒன்றின் ஆய்வைக் காட்டி மற்றொன்றை விற்பது சகஜமாக நடக்கிறது. வல்லாரைத் துவையலுக்கு நாங்கள் எதிரி அல்ல. கீரை கீரையாக இருக்கும்வரை யாருக்கும் வழக்கில்லை.

ஜின்கோ விஷயத்தில் குழப்பமே இல்லை. அமெரிக்காவில் 75 வயதுக்கு மேற்பட்ட 3069 பேருக்கு, தினம் இருவேளை 120 மில்லிகிராம் ஜின்கோ சாறு அல்லது போலி மாத்திரை கொடுத்து, சராசரியாக ஆறு ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். 2008இல் வந்த முடிவு, டிமென்ஷியாவை அது தடுக்கவில்லை என்றது. மறுஆண்டு வந்த முடிவு, நினைவாற்றல் தேய்வதையும் அது மெதுவாக்கவில்லை என்றது. சாப்பிடும்போதே கிடைக்காத பலன் நிறுத்தினால் போய்விடுமா என்று கவலைப்படத் தேவையில்லை. ஆஸ்பிரினோ வார்ஃபரினோ எடுக்கும் பெரியவர்கள் ஜின்கோவையும் சேர்த்துச் சாப்பிட்டால் இரத்தக் கசிவு ஆபத்து கூடலாம் என்பதே எங்கள் கவலை.

விளம்பரங்களில் 'நீடித்த பலன்' என்ற தொடரைக் கண்டால் ஒரு நிமிடம் நின்று படியுங்கள். 2023இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், மூத்தவர்கள் 3562 பேரில் ஒரு பகுதியினர் தினமும் மல்டிவிட்டமின் எடுத்தார்கள். ஓராண்டில் அவர்களது நினைவாற்றல் சிறிதளவு மேம்பட்டது, மூன்றாண்டு வரை அந்த மேம்பாடு நீடித்தது. நல்ல முடிவுதான். ஆனால் அந்த மூன்றாண்டும் அவர்கள் மாத்திரையைத் தொடர்ந்து விழுங்கினார்கள். சாப்பிடும்வரை நீடித்தது என்பதை நிறுத்தினாலும் நீடிக்கும் என்று வாசகர் படித்துக்கொள்ளும்படி எழுதுவது ஒரு விற்பனைத் தந்திரம்.

கிரியேட்டின் ஆய்வுகளின் அமைப்பே இன்னொரு செய்தியைச் சொல்கிறது. 2003இல் சைவ உணவுக்காரர்களான இளைஞர்கள் 45 பேருக்குத் தினம் 5 கிராம் வீதம் ஆறு வாரம் கொடுத்தபோது, எண்களைத் தலைகீழாகத் திருப்பிச் சொல்லும் சோதனையில் அவர்கள் மேம்பட்டார்கள். இந்த ஆய்வில் ஒரே ஆள் சில வாரம் கிரியேட்டினும் சில வாரம் போலிப் பொடியும் எடுக்கிறார். முதலில் எடுத்ததன் விளைவு கழுவப்பட்டுப் போய்விடும் என்று நம்பினால்தான் இப்படி ஓர் ஆய்வை அமைக்கவே முடியும். தசையில் சேர்ந்த கிரியேட்டின் நிறுத்திய நான்கு முதல் ஆறு வாரங்களில் பழைய அளவுக்கு இறங்கிவிடுகிறது என்பதும் தெரிந்ததே.

சப்ளிமென்ட் அல்லாத, முறையாகப் பரிசோதிக்கப்பட்ட ஒரு மருந்தையும் பார்ப்போம். அல்சைமர் நோய்க்குத் தரப்படும் டோனெபெசிலை 473 நோயாளிகளிடம் 24 வாரம் சோதித்த ஆய்வு 1998இல் வெளிவந்தது. மருந்து எடுத்தவர்கள் போலி மாத்திரைக்காரர்களைவிட நன்றாக இருந்தார்கள். பிறகு ஆறு வாரம் எல்லோருக்கும் போலி மாத்திரையே கொடுக்கப்பட்டது. அதன் முடிவில் இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. கண்ணாடியைக் கழற்றினால் எழுத்து மங்குவது போலத்தான்: போட்டிருக்கும்வரை உதவும், கண்ணை மாற்றாது. இத்தனை வலுவான மருந்துக்கே இதுதான் நிலை என்றால், கடை அலமாரியிலிருந்து எடுக்கும் ஒரு கேப்ஸ்யூல் மூளையை நிரந்தரமாகத் திருத்தும் என்பவர்தான் ஆதாரம் காட்ட வேண்டும்.

இதைப் படித்துவிட்டு வீட்டில் பெரியவர்களுக்குக் கொடுத்துவரும் டோனெபெசிலை யாரும் நிறுத்திவிடாதீர்கள். 2012இல் பிரிட்டனில் நடந்த ஆய்வில், நோய் முற்றிய நிலையிலும் அதைத் தொடர்ந்தவர்கள் நிறுத்தியவர்களைவிட மேலாக இருந்தார்கள். மருத்துவர் எழுதிய மருந்தை அவரைக் கேட்காமல் நிறுத்துவதற்கு இந்த அறிக்கையைக் காரணம் காட்டக் கூடாது.

நாங்கள் அதிகம் எச்சரிக்க விரும்புவது காஃபீனைப் பற்றி. 'போகஸ்', 'எனர்ஜி' என்ற பெயர்களில் வரும் பல மாத்திரைகளிலும் பானங்களிலும் வேலை செய்வது பெரும்பாலும் அதுதான். குடித்த காஃபீனில் பாதி உடலை விட்டு வெளியேறச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். இரவு ஒன்பது மணிக்கு எடுத்தால் இரண்டு மணிக்கும் பாதி உள்ளேயே இருக்கும். படித்ததை மூளை பதியவைக்கும் தூக்கத்தை அது தின்றுவிடும். ஆபத்து அத்தோடு நிற்பதில்லை. தினமும் எடுக்கும் உடல் அதற்குப் பழகிவிடுகிறது. நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி, சோர்வு, எரிச்சல், கவனக்குறைவு எல்லாம் வரும். ஒரு வாரம், சிலருக்கு அதற்குச் சற்றுக் கூடுதலாகவும் நீடிக்கும். ஏகாதசி விரதமும் ரம்ஜான் நோன்பின் முதல் நாள்களும் காபிப் பிரியர்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்திருக்கின்றன.

ஒரு மாணவர் மூன்று மாதம் காஃபீன் கலந்த மாத்திரை எடுக்கிறார். நிறுத்திய மூன்றாம் நாள் புத்தகத்தில் கண் நிற்கவில்லை. "பார்த்தீங்களா, நிறுத்தினதும் மூளை மந்தமாயிடுச்சு" என்று மறுபடி அதையே வாங்குகிறார்கள். அவருக்குப் போனது மாத்திரை தந்த திறமை அல்ல. மாத்திரை உண்டாக்கிய பழக்கத்தின் விளைவைத்தான் அவர் அனுபவிக்கிறார். இதை மருந்தாளுநர் கவுண்டரிலேயே எடுத்துச் சொல்ல வேண்டும். ஒரேயடியாக நிறுத்தாமல் சில நாள்களில் படிப்படியாகக் குறைத்தால் இந்தத் தொல்லை பெருமளவு இருக்காது. தேர்வுக்கு முந்தைய வாரத்தில் நிறுத்தும் சோதனையையும் செய்ய வேண்டாம்.

இனி, பலன் உண்மையிலேயே நிற்கக்கூடிய இடம். பி12 குறைந்தால் மறதி, தடுமாற்றம், கை கால் மரத்தல் வரும். பால், முட்டை, மீன், இறைச்சி எதையும் போதுமான அளவு சாப்பிடாதவர்களுக்கும், நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் நெடுநாள் எடுப்பவர்களுக்கும், வயிற்றில் உறிஞ்சும் திறன் குறைந்த முதியவர்களுக்கும் இது வரக்கூடியது. சரிசெய்தால் ஈரலில் சேமிப்பு ஏறும், அந்தச் சேமிப்பு ஆண்டுக்கணக்கில் தாங்கும். ஆனால் குறைபாட்டுக்கான காரணம் அப்படியே இருந்தால் அதுவும் ஒருநாள் தீரும். உறிஞ்ச முடியாதவர்களுக்கு ஆயுள் முழுக்க ஊசியோ அதிக அளவு மாத்திரையோ தேவைப்படும். தாமதித்தால் நரம்புப் பாதிப்பு முழுதும் திரும்பாமலும் போகலாம்.

இரும்புச்சத்தும் இப்படித்தான். 1996இல் வெளியான பால்டிமோர் ஆய்வில், இரத்தசோகை இல்லாமல் இரும்புச்சத்து மட்டும் குறைந்திருந்த வளரிளம் பெண்களுக்கு எட்டு வாரம் இரும்பு மாத்திரை கொடுத்தபோது சொற்களைக் கற்று நினைவில் வைக்கும் திறன் மேம்பட்டது. மாதவிடாயில் மாதாமாதம் இரும்பு வெளியேறுகிறது, உணவு ஈடுகட்டாவிட்டால் சேமிப்பு மறுபடி வற்றும். நம் பள்ளிகளில் வாரம் ஒருமுறை தரும் நீல நிற இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரை இதற்காகத்தான். வயிற்றைப் புரட்டுகிறது என்று ஜன்னல் வழியாக வீசப்படும் அந்த மாத்திரை, 'மெமரி' டானிக்கைவிடப் பல மாணவிகளுக்குப் பயன் தரக்கூடியது. அதைச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுக்கும்படி ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

அயோடின் ஒன்றுதான் ஆயுளுக்கும் நிற்கும் பலனுக்குத் தெளிவான உதாரணம். கர்ப்பத்திலும் குழந்தையின் முதல் ஆண்டுகளிலும் அது கிடைக்காவிட்டால் மூளை வளர்ச்சி நிரந்தரமாகப் பாதிக்கப்படும், கிடைத்தால் அந்த வளர்ச்சி கைவிட்டுப் போகாது. 1950களில் வி. ராமலிங்கசுவாமி குழுவினர் இமாசலத்தின் காங்க்ரா பள்ளத்தாக்கில் தொடங்கிய அயோடின் உப்பு ஆய்வும், 1962இல் தொடங்கிய தேசியத் திட்டமும் கழுத்துக்கழலையை எதிர்த்துப் புறப்பட்டவை. அவற்றால் காக்கப்பட்டது கழுத்து மட்டுமல்ல. ஆனால் அந்தப் பருவம் கடந்த, அயோடின் போதுமான அளவு உள்ள ஒரு பதினேழு வயதுப் பிள்ளைக்கு அதிகமாகக் கொடுத்தால் அறிவு கூடாது, தைராய்டுதான் கெடும்.

மாத்திரை சாப்பிட்ட காலத்தில் படித்த பாடம் மறந்துபோகுமா என்றும் சிலர் பயப்படுகிறார்கள். போகாது. கற்றது மூளையில் பதிந்தது, மாத்திரையில் அல்ல. பயிற்சியின் பலன் நிற்கும் என்பதற்குச் சான்று உண்டு: 65 வயதுக்கு மேற்பட்ட 2800க்கும் அதிகமானவர்களிடம் நடந்த அமெரிக்க ஆய்வில், சுமார் ஒரு மணி நேர வகுப்புகள் பத்தே பத்து நடத்தினார்கள். பகுத்தறியும் திறனிலும், பார்த்ததைச் சட்டென்று புரிந்துகொள்ளும் வேகத்திலும் பலன் பத்தாண்டு கழித்தும் தென்பட்டது. நினைவாற்றல் பயிற்சியின் பலன் மட்டும் அத்தனை காலம் நிற்கவில்லை.

சட்டத்தில் ஏற்கெனவே இருப்பதை அமல்படுத்தினாலே பாதி வேலை முடியும். உணவு உரிமத்தில் விற்கப்படும் சப்ளிமென்டின் லேபிளில் 'மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல' என்ற வாசகம் இருக்க வேண்டும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022 வழிகாட்டு நெறிமுறைகள், போதிய அறிவியல் சான்று இல்லாமல் ஒரு பொருள் அறிவுத்திறனைக் கூட்டும் என்று குழந்தைகளை நோக்கி விளம்பரம் செய்வதைத் தடுக்கின்றன. மீறல்களை 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தெரிவிக்கலாம். இதற்கு மேல் நாங்கள் கேட்பது ஒன்று: நினைவாற்றல் பலன் கோரும் எந்தப் பொருளும், ஆய்வு எத்தனை வாரம் நடந்தது, நிறுத்திய பிறகு அளந்தார்களா என்ற இரண்டையும் அட்டையில் அச்சிட வேண்டும். பள்ளி நிர்வாகங்கள், 'நினைவாற்றல் முகாம்' என்று வந்து கடைசியில் பாட்டில் விற்பவர்களுக்கு வகுப்பறையைத் திறந்துவிட வேண்டாம்.

எங்கள் நிலைப்பாடு மாறாதது அல்ல. குறைபாடு இல்லாதவர்கள் சில நூறு பேரிடம், போலி மாத்திரையோடு ஒப்பிட்டு, நிறுத்திக் குறைந்தது மூன்று மாதம் கழித்து அளந்து, வேறொரு குழுவும் அதையே செய்து அதே முடிவைக் கண்டால், இந்த அறிக்கையைத் திரும்பப் பெற்றுப் புதிதாக எழுதுவோம். உற்பத்தியாளர்கள் அப்படிப்பட்ட ஆய்வு வைத்திருந்தால் முழுத் தரவோடு அனுப்பலாம். விளம்பரத் துண்டுகளை அனுப்ப வேண்டாம்.