ஒரு தாளை நம்பி மாட்டை விற்காதீர்கள்

லயத்தில் மாடு வளர்க்கும் குடும்பத்துக்குப் பால் காசு இன்னொரு சம்பளம். கொழுந்து குறைந்து, பேர் குறையும் மாதங்களில் கடைக் கணக்கைத் தீர்ப்பதும் பிள்ளைகளுக்குக் கொப்பி வாங்குவதும் அந்தக் காசில்தான். எங்கள் தோட்டத்தில் அப்படியொரு குடும்பம் தனது சினை மாட்டை அடிமாட்டு விலைக்கு விற்றது. காரணம் ஒரு தாள். புரூசெல்லோசிஸ் நோய்க்காக எடுத்த இரத்தத்தின் முடிவு 'பொசிட்டிவ்' என்று ஆங்கிலத்தில் வந்தது. விளக்கிச் சொல்ல எவரும் வரவில்லை. கதை பரவியது, பால் எடுப்பது நின்றது, மாடு லொறியில் ஏறியது. இரண்டாவது பரிசோதனை நடக்கவே இல்லை.

புரூசெல்லோசிஸ் பயப்பட வேண்டிய நோய்தான். சினையின் பிற்பகுதியில் மாடு கன்று வீசும். காய்ச்சாத பால் மூலமும், வீசிய கன்றையும் இளங்கொடியையும் வெறுங்கையால் தொடுவதாலும் மனிதருக்குத் தொற்றும். விட்டுவிட்டு வரும் காய்ச்சல், இரவு வியர்வை, மூட்டுவலி என்று மாதக்கணக்கில் படுத்தும். ஆகவே பரிசோதனை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. முடிவைச் சரியாக வாசிக்க வேண்டும் என்கிறோம்.

முதலில் செய்யப்படும் ரோஸ் பெங்கால் பரிசோதனை கிருமியைத் தேடுவதில்லை. கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் பிறபொருளெதிரியையே தேடுகிறது. கன்றுப் பருவத்தில் எஸ் 19 தடுப்பூசி போட்ட மாட்டிலும் அது இருக்கலாம். யெர்சினியா போன்ற வேறு கிருமி தொற்றிய மாட்டிலும் 'பொசிட்டிவ்' வரலாம்.

வகுப்பில் போடும் கணக்காக ஒன்றைப் பார்ப்போம். 1000 மாடுகளில் 10 மாடுகளுக்கு நோய் என்று வைத்துக்கொள்வோம். பரிசோதனை அந்த 10இல் 9ஐப் பிடிக்கிறது. நோயற்ற மாடுகளில் நூற்றுக்கு 2ஐத் தவறாகக் காட்டுகிறது. 990இல் ஏறக்குறைய 20 மாடுகள் வீணாக மாட்டிக்கொள்ளும். ஆக 29 'பொசிட்டிவ்' தாள்களில் 9 மட்டுமே உண்மை. இதே பரிசோதனையை 200 மாடுகளுக்கு நோயுள்ள இடத்தில் செய்தால், வரும் 196இல் 180 உண்மை. தாள் ஒன்றுதான்; பட்டியின் நிலைமை மாறினால் அதன் பொருளும் மாறுகிறது. அதனால்தான் பட்டியில் கன்று வீசியதா, புதிய மாடு வந்ததா என்று மிருக வைத்தியர் கேட்கிறார்.

'நெகட்டிவ்' என்றாலும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. அண்மையில் தொற்றிய மாட்டிலும், கன்று ஈனும் காலத்திலும் நோய் பரிசோதனையில் சிக்காமல் போகலாம். நோயுள்ள தாய்க்குப் பிறந்த கிடேரி முதல் கன்று ஈனும்வரை 'நெகட்டிவ்' ஆகவே இருக்கக்கூடும். ஆகவே பட்டி முழுவதையும் சில வாரங்கள் விட்டு மீண்டும் பரிசோதிப்பதே முறை.

இப்படிக் கேள்வி கேட்டால் நோயை மறைக்கவே வழி பிறக்கும் என்று சிலர் சொல்கிறார்கள். மறைத்தது எது? அவசர விற்பனைதான். அந்த லொறி மாடு இன்னொரு தோட்டத்துத் தொழுவத்தில் கட்டப்பட்டிருந்தால், நட்டம் எங்கள் தொழிலாளியோடு நின்றிருக்காது. உண்மையில் நோயிருந்திருந்தால் அங்குள்ள மாடுகளும் பிள்ளைகளும் விலை கொடுப்பார்கள்.

எனவே நாம் கேட்பது இவை. முடிவு தமிழில் வர வேண்டும். மாட்டின் காது இலக்கம், பரிசோதனையின் பெயர், இரத்தம் எடுத்த திகதி அதில் இருக்க வேண்டும். எலிசா போன்ற இரண்டாவது பரிசோதனையில் உறுதியாகும்வரை மாட்டைத் தனியே கட்ட வேண்டும், விற்கக் கூடாது. உறுதியானால், ஊர் நன்மைக்காக மாட்டை இழக்கும் குடும்பத்துக்கு நட்டஈடு வேண்டும். அது இல்லாதவரை ஏழை மறைக்கத்தான் செய்வான்.

நம் பங்கும் உண்டு. ஒவ்வொரு கிளையிலும் ஒரு கொப்பி வைப்போம். மாடு வாங்கிய நாள், தடுப்பூசி, ஈன்ற நாள், கன்று வீசிய நாள் எல்லாவற்றையும் எழுதுவோம். இரத்தம் எடுக்க வரும்போது அதைக் காட்டுவோம். பாலைக் கொதிக்க வைத்தே குடிப்போம். காய்ச்சல் நீடித்தால் வைத்தியரிடம் மாடு வளர்ப்பதையும் சொல்வோம். அடுத்த கிளைக் கூட்டத்துக்கு மாடு வைத்திருக்கும் தோழர்கள் தங்களிடமுள்ள பழைய தாள்களை எடுத்து வாருங்கள். உட்கார்ந்து சேர்ந்து வாசிப்போம்.