ஒரே 999 சிசி... ஒன்றில் 72, இன்னொன்றில் 100: சாதாரண என்ஜினில் டர்போ மாட்டலாமா?

ஒரகடம், வடக்குப்பட்டு பக்கம் ரோட்டில் நின்றால், புதுக் கார்களை ஏற்றிய ட்ரெய்லர்கள் போவதைப் பார்க்கலாம். ஒரகடத்தில் ரெனோ-நிஸான் கூட்டணி 2010இல் தொடங்கிய ஆலையில் இருந்து வரும் நிஸான் மேக்னைட்டையே எடுத்துக்கொள்வோம். 2020 டிசம்பரில் அறிமுகமானபோது அது இரண்டு பெட்ரோல் என்ஜின்களில் வந்தது. இரண்டும் 999 சிசி, இரண்டுக்கும் மூன்று சிலிண்டர். ஆனால் ஒன்றின் சக்தி 72 பிஎஸ், இன்னொன்றின் சக்தி 100 பிஎஸ். இழுவிசையான டார்க்கில் வித்தியாசம் இன்னும் பெரிது: 96 நியூட்டன் மீட்டர், 160 நியூட்டன் மீட்டர். காரணம், டர்போ.

அப்படியென்றால், சாதாரண என்ஜின் கார் வைத்திருப்பவர் வெளியே ஒரு டர்போ கிட் வாங்கி மாட்டிக்கொண்டால் போதாதா? மாடிஃபிகேஷன் வீடியோ பார்க்கும் பலருக்கும் வரும் கேள்வி இது.

டர்போ என்ன செய்கிறது?

சாதாரண என்ஜின், பிஸ்டன் கீழே இறங்கும்போது தானாக உள்ளே வரும் காற்றை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும். டர்போவோ, வீணாக வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரத்தால் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேல் அது சுழலும். காற்று கூடினால் கூடுதல் பெட்ரோலை எரிக்கலாம், சக்தியும் கூடும். சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஹி 1905இலேயே காப்புரிமை பெற்ற யோசனை இது.

மாட்டினால் என்ன சிக்கல்?

காற்றை அழுத்தினால் சூடாகும். அதைக் குளிர்விக்க இன்டர்கூலர் வேண்டும். சாதாரண என்ஜின்கள் பொதுவாக அதிக கம்ப்ரஷன் விகிதத்தில் வடிவமைக்கப்படுகின்றன. அதற்குள் அழுத்தப்பட்ட சூடான காற்றும் சேர்ந்தால், பெட்ரோல் கலவை நேரங்கெட்ட நேரத்தில் தானே வெடிக்கும். இதுதான் ‘நாக்கிங்’. தொடர்ந்தால் பிஸ்டனே உடையலாம்.

கூடுதல் பெட்ரோலுக்குப் பெரிய இன்ஜெக்டர், டர்போவுக்குத் தனி ஆயில் லைன், புதிதாக ட்யூன் செய்த இசியூ எல்லாம் வேண்டும். கிளட்ச், கியர்பாக்ஸ், பிரேக் ஆகியவை பழைய சக்தியைக் கணக்கில் வைத்துச் செய்யப்பட்டவை. ஆக, கிட் விலை என்பது செலவின் ஆரம்பம்தான்.

கம்பெனி எப்படிச் செய்தது?

கவனிக்க வேண்டிய இடம் இதுதான். மேக்னைட்டின் சாதாரண என்ஜின் மேல் ஒரு டர்போவை மாட்டி, அதை டர்போ கார் என்று விற்கவில்லை. சாதாரண என்ஜினின் பெயர் பி4டி; டர்போ என்ஜின் எச்ஆர்ஏ0. சிசி ஒன்றுதான், ஆனால் சிலிண்டரின் விட்டமும் பிஸ்டன் நகரும் தூரமும் வேறு. டர்போ என்ஜினின் சிலிண்டர் உட்சுவருக்கு உராய்வைக் குறைக்கும் கண்ணாடிப் பூச்சு தொழில்நுட்பமும் உண்டு. ஆய்வகமும் ஆலையும் கையில் வைத்திருப்பவர்களே டர்போவுக்கென வேறு என்ஜினைத்தான் எடுத்தார்கள். அறிமுக விலைப்படி, எக்ஸ்எல் ரகத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் சுமார் ஒரு லட்சம் ரூபாய்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவுப்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களோடு பொருந்தாமல் போகும்படி வாகனத்தை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாமல் மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். விபத்து நடந்தால், சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி இன்சூரன்ஸ் நிறுவனம் க்ளெய்மை மறுக்கவும் வாய்ப்புண்டு.

மாசுக் கட்டுப்பாடு இன்னொரு தடை. புகைக் குழாயில் டர்போவைச் சேர்த்தால், கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சூடேற நேரமாகும். அதுவரை மாசு கூடும். 2023 ஏப்ரல் முதல் புதுக் கார்களுக்கு ரோட்டில் ஓடும்போதும் புகை அளவு சோதிக்கப்படுகிறது. இப்படிப்பட்ட சோதனைகளுக்கென்றே ஒரகடத்தில் ஜிஏஆர்சி என்ற மத்திய அரசின் வாகனச் சோதனை மையம் இயங்குகிறது. தெருமுனை ஒர்க்‌ஷாப்பில் அந்த வசதி கிடையாது.

பிறகு ஏன் எங்கும் டர்போ?

வரி ஒரு முக்கியக் காரணம். 2025 செப்டம்பர் 22 முதல், 4 மீட்டர் நீளத்துக்கும் 1,200 சிசிக்கும் மிகாத பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அதைத் தாண்டினால் 40. சின்ன என்ஜினில் டர்போ வைத்தால், பெரிய என்ஜினின் இழுவையும் கிடைக்கும், குறைந்த வரியும் கிடைக்கும்.

அப்போ என்ன செய்யலாம்?

கார் இழுக்கவில்லை என்று தோன்றினால், முதலில் ஏர் ஃபில்டர், ஸ்பார்க் ப்ளக், கிளட்ச், டயர் காற்று ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். அதன் பிறகும் போதாது என்றால், இருக்கும் காரை விற்றுவிட்டு கம்பெனி டர்போ காரை, புதிதோ செகண்ட் ஹேண்டோ, வாங்குவதுதான் கையைக் கடிக்காத வழி. ஆர்சி புத்தகத்திலும் சிக்கல் வராது.