தாமிரபரணி நஞ்சைகளும் சர்க்காரின் கடமையும்

திருநெல்வேலிச் சீமைக்குத் தாமிரபரணி நதியே ஜீவாதாரம் என்பதை விவசாயிகளுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பொதிகையில் உற்பத்தியாகிப் புன்னைக்காயலருகே கடலோடு கலக்கும் இந்நதியில், கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. அவற்றின் கால்வாய்களால் திருநெல்வேலி, தூத்துக்குடி ஆகிய இரு ஜில்லாக்களிலும் 86,107 ஏக்கர் பாசனம் பெறுவதாகக் கணக்கு. சிவகளை அகழாய்வில் முதுமக்கள் தாழி ஒன்றில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021ஆம் வருஷத்தில் அறிவிக்கப்பட்டது. மூவாயிரம் வருஷங்களுக்கு மேலாக நெல் கண்ட இப்பள்ளத்தாக்கில், காரும் பிசானமும் விளைந்த வயல்களில் இப்பொழுது மனைக்கற்கள் ஊன்றப்படுகின்றன. திருநெல்வேலி வாய்க்கால், பாளையங்கால்வாய் ஆகியவற்றை ஒட்டி, பட்டணத்துக்கு அருகிலுள்ள வயல்களில் இதனைக் கண்கூடாகக் காணலாம்.

நஞ்சை நிலம் தனித்து நிற்பதன்று. மேல்வயலின் நீர் கீழ்வயலுக்கு வடிந்தே பாசனம் நடைபெறுகிறது. இடையிலுள்ள ஒரு வயலில் மண் கொட்டி மேடாக்கினால், மேலே தண்ணீர் தேங்கிப் பயிர் அழுகும். கீழே தண்ணீரின்றிப் பயிர் காயும். வீடுகளின் கழிவுநீர் வாய்க்காலிலே விழும். வாய்க்கால் தூர் எடுக்கும் பொறுப்பு எஞ்சிய சிலர் தலையில் ஏறும். நாளடைவில் அவர்களும் விற்கத் துணிவார்கள். ஆகவே ஒருவர் செய்யும் கிரயம் ஓர் ஆயக்கட்டு முழுவதையும் பாதிக்கிறது.

இதன்பொருட்டு நிலம் விற்கும் விவசாயியைக் குறை கூறுவது நியாயமாகாது. கூலியும் உரமும் விலை ஏறியிருக்க, நெல்லின் வரும்படி அதற்கு ஈடாக ஏறவில்லை. கடன் தீர்க்கவும் கல்யாணச் செலவுக்கும் பணம் வேண்டியிருக்கும்பொழுது, வயலின் விலையைப்போல் பன்மடங்கு கொடுக்க மனை வியாபாரி முன்வருகிறார். அவ்வேளையில் உழவின் பெருமையைப் பற்றிய உபதேசம் எடுபடாது.

சட்டங்கள் இல்லாமல் இல்லை. 2016ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில், அங்கீகாரம் பெறாத மனைகளின் பத்திரப்பதிவுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அடுத்த வருஷத்தில், அத்தகைய மனைகளை வரன்முறைப்படுத்தவும், விவசாய நிலத்தைப் பிற உபயோகத்துக்கு மாற்றவும் விதிகள் ஏற்பட்டன. 2020ஆம் வருஷத்துப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டமோ காவிரிப் பாசனப் பகுதிக்கே உரியது. தாமிரபரணிக்கு அது பொருந்தாது. அன்றியும் அது விலக்குவது சில பெருந்தொழில்களையேயன்றி மனைப்பிரிவுகளை அன்று. இவற்றுள் ஒன்றேனும் நிலத்தை வயலாகவே வைத்திருப்பவருக்கு ஒரு காசும் கொடுப்பதில்லை. ஊருக்கெல்லாம் உணவும், நிலத்தடி நீரும், வெள்ளகாலத்தில் நீர் பரவ இடமும் அவ்வயல் தருகிறது. அந்த நன்மையின் விலையை வயலுக்குரியவர் ஒருவரே ஏற்க வேண்டும் என்பது முறையன்று.

ஆகையால் சர்க்கார் செய்யத்தக்கது ஒன்று உண்டு: நிலத்தை வாங்காமல், அதில் கட்டிடம் எழுப்பும் உரிமையை மட்டும் விலை கொடுத்து வாங்குவது. ஒரு நிலம் மனையாக 100 ரூபாயும் வயலாக 40 ரூபாயும் பெறும் என்று உதாரணத்துக்குக் கொண்டால், எஞ்சிய 60 ரூபாயே அவ்வுரிமையின் மதிப்பாகும். அத்தொகையைப் பெற்றுக்கொண்ட விவசாயி நிலத்தைத் தாமே அனுபவிக்கலாம், விற்கலாம், மக்களுக்கு எழுதி வைக்கலாம்; ஆனால் அது என்றென்றும் வயலாகவே இருத்தல் வேண்டும். பத்திரம் பதிவாகி வில்லங்கச் சான்றில் ஏறுவதால், பின்னால் வாங்குவோரையும் அது கட்டுப்படுத்தும்.

வண்டிப்பாதைப் பாத்தியதையும் நீர்ப்பாய்ச்சல் பாத்தியதையும் கிராமங்களில் எல்லோரும் அறிந்தவை. ஆயினும் 1882ஆம் வருஷத்து ஈஸ்மெண்ட் சட்டப்படி அத்தகைய பாத்தியதை ஒரு நிலத்தின் அனுபவத்துக்காக மற்றொரு நிலத்தின்மேல் ஏற்படுவது. பக்கத்தில் நிலமில்லாத சர்க்கார் பொதுநன்மைக்காக அதனைப் பெற அச்சட்டம் போதாது. தனிச் சட்டம் இயற்றுவது அவசியம்.

இது எங்கும் காணாத புதுமையன்று. அமெரிக்காவில் நியூயார்க் ராஜ்யத்தைச் சேர்ந்த சஃபோக் ஜில்லா 1974ஆம் வருஷத்திலேயே இம்முறையை மேற்கொண்டது. 1996 முதல் அந்நாட்டு மத்திய சர்க்காரும் பண உதவி செய்து வருகிறது. பொதுவாக உரிமையின் மதிப்பில் பாதி வரையில் அது கொடுக்கும். பொதிகைக்கு மேற்கே கேரளத்தில், நெல்வயல்களைக் காக்க 2008இல் சட்டம் ஏற்பட்டது. 2020இல் நெல்வயலைப் பேணுவோருக்கு ஹெக்டேருக்கு வருஷம் 2,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கினார்கள். ஏக்கருக்கு ஏறத்தாழ 800 ரூபாய் என்பது மனை விலைக்கு முன் அற்பமே. ஆயினும் வயலைக் காப்பவருக்குப் பொதுப்பணம் கொடுப்பது தகும் என்ற நியாயத்தை அது ஒப்புக்கொண்டது.

பணத்துக்கு எங்கே போவது என்ற கேள்வி எழும். 86,107 ஏக்கருக்கும் ஒரே சமயத்தில் கொடுக்க இயலாது, கொடுக்கவும் வேண்டியதில்லை. பட்டணத்தை ஒட்டிய கால்வாய்களில், மடை மடையாகச் சேர்ந்தாற்போல் சம்மதிக்கும் நிலங்களை முதலில் எடுத்துக்கொள்ளலாம். ஆங்காங்கே சிதறிய வயல்களுக்குக் கொடுப்பது வீண் செலவு. மனைப்பிரிவுகளிலிருந்து வரும் வளர்ச்சிக் கட்டணத்திலும் முத்திரைத் தீர்வையிலும் ஒரு பங்கை இதற்கென ஒதுக்குவது பொருத்தமாகும். குத்தகைதாரரின் சாகுபடி உரிமை இதனால் குறையாதபடி சட்டத்தில் தெளிவாக எழுத வேண்டும்.

உரிமையை விற்ற பின் மனம் மாறினால் மீள வழியில்லை என்பதை விவசாயிகள் நன்றாக ஆலோசித்தல் வேண்டும். ஆகவே எவரையும் வற்புறுத்தலாகாது. கிராம நிர்வாக அலுவலர்கள் ஒவ்வொரு போகத்திலும் அடங்கலை நேரில் பார்த்து எழுதினாலன்றி, எந்த மடையில் எவ்வளவு நிலம் எஞ்சியுள்ளது என்பது தெரியவாராது. ஒரே கால்வாயைச் சேர்ந்த நிலச் சுவான்தார்கள் ஒன்றுகூடி, கிராம சபைத் தீர்மானத்தின் மூலம் இக்கோரிக்கையை ஜில்லா ஆட்சியருக்குத் தெரிவிப்பது நலம். கல் ஊன்றிய வயலை மறுபடி நஞ்சையாக்குவது மிக அரிது. ஆதலால் இம்முயற்சி தாமதிக்கத் தக்கதன்று.