மெழுகும் ஒரு வாத்தியார்தான்!



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு மலர்க் குழு நண்பன் வந்தான். "எதைப் பத்திடா எழுதப் போற?" என்றான். "மெழுகுவர்த்தி செய்யறதைப் பத்தி" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தான். "டேய், இது என்ன மகளிர் பத்திரிகையா? மெக்கானிக்கல் மூணாவது வருஷம் படிக்கிறவன் ரோபோ, மின்சாரக் கார்னு எழுதினாத்தானே மரியாதை?" என்றான்.

அவன் சிரித்ததற்காகவே இதை எழுதித் தீருவது என்று முடிவு செய்தேன். படித்துவிட்டு நீங்களும் சிரிக்கலாம். ஆனால் முழுவதும் படித்துவிட்டுச் சிரியுங்கள்!

பரண் மேல் கிடந்த அச்சு

எங்கள் ஊர் டெல்டாவின் கடைக்கோடி. அம்மாவும் தெருப் பெண்கள் சிலரும் சேர்ந்து குழுவாகக் கடன் வாங்கி, மெழுகுவர்த்தி வார்க்கும் அலுமினிய அச்சுகள் வாங்கினார்கள். அச்சு விற்றவர் இரண்டு நாள் பயிற்சியும் கொடுத்தார். "நீங்க செஞ்சு வைங்கம்மா, எல்லாத்தையும் நாங்களே எடுத்துக்கறோம்" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். முதல் இரண்டு முறை வந்து எடுத்துக்கொண்டும் போனார். மூன்றாவது முறை ஆளைக் காணோம். தொலைபேசியும் எடுக்கவில்லை. செய்து வைத்த வத்தி மூட்டையிலேயே இருந்தது. கடன் மட்டும் மாதாமாதம் தவறாமல் வந்தது. அம்மா கூலி வேலைக்குப் போய் அதைக் கட்டி முடித்தாள். அச்சு பரணுக்குப் போனது. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசக் கூடாது என்பது எழுதாத சட்டம்.

2018 நவம்பர் 16. கஜா புயல். அப்போது நான் பள்ளி மாணவன். தென்னை, மின்கம்பம், கூரை எதுவும் நிற்கவில்லை. எங்கள் தெருவுக்கு மீண்டும் கரண்ட் வர மூன்று வாரம் ஆயிற்று. மெழுகுவர்த்திக்குக் கடை கடையாக அலைந்தோம். கிடைத்த இடத்தில் விலை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. நான்காம் நாள் அம்மா ஒன்றும் சொல்லாமல் பரணில் ஏறினாள். அச்சையும், மிச்சமிருந்த மெழுகுப் பாளத்தையும் இறக்கினாள். அன்றிரவு எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அம்மா வார்த்த வத்திதான் எரிந்தது. காசு வாங்கவில்லை. "பொழைக்கத் தெரியாத பொம்பள" என்று சித்தப்பா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

கரண்ட் வந்தது. அச்சு மறுபடியும் பரணுக்குப் போனது.

"தண்ணிய ஊத்தாதடா!"

இரண்டாமாண்டு விடுமுறையில் பரணைச் சுத்தம் செய்தபோது அச்சைப் பார்த்தேன். சும்மா செய்து பார்க்கலாமே என்று ஆசை. அம்மாவிடம் சொன்னால் திட்டுவாள் என்று தெரியும். அவள் வேலைக்குப் போன நேரம் பார்த்து ஆரம்பித்தேன். ஒரு கிலோ பாரஃபின் மெழுகு, திரி நூல், கொஞ்சம் ஸ்டியரிக் ஆசிட்... எல்லாம் சேர்ந்து 250 ரூபாய்க்குள் முடிந்தது. செல்போனில் இரண்டு நிமிட வீடியோ பார்த்தேன். அவ்வளவுதான், நானே பெரிய நிபுணன்!

மெழுகை அலுமினியச் சட்டியில் போட்டு நேராக அடுப்பில் வைத்தேன். உருகியது. "இன்னும் கொஞ்சம் சூடாகட்டும்" என்று விட்டேன். வெள்ளையாகப் புகை கிளம்பியது. புகை வந்த மறு நிமிடமே குப்பென்று பற்றிக்கொண்டது. பதறிப்போய்ச் செம்பில் தண்ணீர் எடுத்தேன். அந்த நேரம் பார்த்து அம்மா உள்ளே வந்தாள். "தண்ணிய ஊத்தாதடா!" என்று ஒரு சத்தம். அடுப்பை அணைத்தாள். சாதம் வடிக்கிற தட்டை எடுத்துச் சட்டியின் மேல் ஓரமாகத் தள்ளி மூடினாள். தீ அடங்கியது. எல்லாம் ஐந்து வினாடி.

தண்ணீர் மெழுகைவிட அடர்த்தி கூடியது. எரியும் மெழுகில் ஊற்றினால் அடியில் போய் ஒரே நொடியில் நீராவியாகும். அந்த நீராவி எரியும் மெழுகைச் சமையலறை முழுக்க வீசியடிக்கும். அடர்த்தி, கொதிநிலை இரண்டையும் நான் முதலாண்டு இயற்பியலில் படித்து, மதிப்பெண்ணும் வாங்கியவன். அம்மா எட்டாவது வரை படித்தவள். அந்த ஐந்து வினாடியில் யாருக்கு இயற்பியல் தெரிந்திருந்தது என்று நீங்களே சொல்லுங்கள்!

திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. "சட்டிய நேரா அடுப்புல வைக்கக் கூடாது. பெரிய பாத்திரத்துல தண்ணி ஊத்தி, அதுக்குள்ள மெழுகுச் சட்டிய வைக்கணும்" என்றாள். பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அச்சின் உள்பக்கம் துணியால் எண்ணெய் தடவுவது, திரியைத் தொய்வில்லாமல் இழுத்துச் சுற்றுவது, அச்சைச் சேர்த்து இறுக்குவது, மெழுகைத் தயங்காமல் ஒரே சீராக ஊற்றுவது என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். இத்தனை வருடம் கழித்தும் அவள் கை எதையும் மறக்கவில்லை.

தண்ணீர்ப் பாத்திரத்தின் காரணமும் பிறகுதான் உறைத்தது. பாரஃபின் மெழுகு பெரும்பாலும் 50 முதல் 65 டிகிரிக்குள் உருகிவிடும். ஆனால் 200 டிகிரியை ஒட்டிப் போனால் அதன் ஆவி தீப்பிடிக்கத் தயாராகிவிடும். வெளியே தண்ணீர் இருக்கும்வரை உள்ளே 100 டிகிரியைத் தாண்ட வழியில்லை. எந்த மின்னணுக் கருவியும் இல்லாத வெப்பக் கட்டுப்பாடு! ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் வற்றக் கூடாது.

ரைசர் என்றால் என்ன?

சின்ன வத்தி சலித்தது. பழைய தகர டப்பாவில் பெரிய தூண் வத்தி வார்த்தேன். ஆறியதும் பார்த்தால் நடுவில் சுண்டுவிரல் நுழைகிற அளவு குழி! மறுபடி வார்த்தேன். மறுபடி குழி. மெழுகில் குறையா, என் கையில் குறையா என்று இரண்டு நாள் குழம்பினேன்.

மூன்றாம் நாள்தான் பொறி தட்டியது. இது வார்ப்படப் பாடத்தில் படித்த சுருக்கம் அல்லவா! உருகிய மெழுகு இறுகும்போது பத்தில் ஒரு பங்குக்கு மேல் கன அளவு குறைகிறது. வெளிப்பக்கம் முதலில் இறுகும், நடுப்பகுதி கடைசியில் இறுகும். அந்தக் கடைசி இடத்தில்தான் குழி விழும். வார்ப்படச் சாலையில் இதற்காகத்தான் ரைசர் வைக்கிறார்கள். ரைசர் கடைசிவரை உருகிய நிலையில் இருந்து வார்ப்புக்கு உலோகம் கொடுக்கும், குழியைத் தன்னிடம் வாங்கிக்கொள்ளும். பிறகு அதை வெட்டி எறிந்துவிடலாம்.

அடுத்த முறை இரண்டு அங்குலம் கூடுதல் உயரமாக ஊற்றினேன். டப்பாவின் கீழ்ப்பகுதியைத் தண்ணீரில் நிறுத்தினேன். மேல்பகுதியில் பழைய துண்டைச் சுற்றினேன், அது மெதுவாக ஆறட்டும் என்று. வெதுவெதுப்பாக இருக்கும்போதே மேல் இரண்டு அங்குலத்தை வெட்டினேன். குழி முழுக்க அந்தத் துண்டில் இருந்தது. கீழே வத்தி கெட்டியாக, ஒரு ஓட்டையில்லாமல் நின்றது.

நண்பர்களே, ரைசர் என்றால் என்ன என்று தேர்வில் படம் போட்டு எழுதியவன் நான். அன்றுதான் ரைசர் என்றால் என்ன என்று தெரிந்துகொண்டேன்.

இதில் புதுமை ஒன்றுமில்லை. கும்பகோணம் பக்கத்தில் சுவாமிமலைக்குப் போய்ப் பாருங்கள். தேன் மெழுகோடு குங்கிலியம் கலந்து சிலையை உருவாக்கி, அதன் மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்து, சூடேற்றி மெழுகை வடியவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். நாம் 'இன்வெஸ்ட்மென்ட் காஸ்டிங்' என்று மனப்பாடம் செய்கிற பாடத்தின் மூத்த அண்ணன் அங்கே இருக்கிறார்!

ஃபாரடே ஏற்றிய வத்தி

மின்மோட்டாருக்கும் ஜெனரேட்டருக்கும் அடிப்படை போட்ட மைக்கேல் ஃபாரடே, லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1860-61 கிறிஸ்துமஸ் காலத்தில் சிறுவர்களுக்கு ஆறு சொற்பொழிவுகள் ஆற்றினார். ஆறுக்கும் ஒரே பொருள், மெழுகுவர்த்தி! இத்தனைக்கும் அவர் ஒரு கொல்லரின் மகன். புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலை பழகிய கை அது.

இன்றிரவே விடுதியில் ஒன்று செய்து பாருங்கள். எரியும் வத்தியை ஊதி அணையுங்கள். திரியிலிருந்து எழும் வெள்ளைப் புகையில், திரியைத் தொடாமல், எரியும் தீக்குச்சியைக் காட்டுங்கள். தீ புகை வழியே இறங்கித் திரியில் தாவும். எரிவது நூலும் அல்ல, கட்டி மெழுகும் அல்ல, மெழுகின் ஆவி என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? தையல் நூலில் திரி போட்டால் ஏன் மெழுகிலேயே மூழ்கி அணைகிறது, தடித்த திரி ஏன் கரும்புகை கக்குகிறது என்பதும் நாலு வத்தி வீணாக்கினால் தானே புரியும்.

"எவ்வளவுடா கெடைக்கும்?"

இதை யாரிடம் சொன்னாலும் வருகிற முதல் கேள்வி இது. "கடையில பத்து ரூபாய்க்குக் கிடைக்குது, நீ எதுக்குடா கஷ்டப்படற?" என்பது இரண்டாவது கேள்வி.

என் கருத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். கையால் செய்கிற எதையும் 'எவ்வளவு கிடைக்கும்?' என்ற தராசில் முதல் நாளே வைத்ததுதான் நாம் செய்கிற தவறு. என் அம்மாவுக்கு நேர்ந்ததும் அதுதான். தொழில் பழகும் முன்பே கடன் வந்தது. சந்தை தெரியும் முன்பே அச்சு வந்தது. தோற்றபோது, தொழில்தான் கெட்டது என்று எண்ணிப் பரணில் ஏற்றினாள். கெட்டது வியாபாரம்தான், தொழில் அவள் கையிலேயே இருந்தது. புயலடித்தபோது அது தெருவுக்கே வெளிச்சம் கொடுத்தது.

"வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம்" என்ற விளம்பரம் இப்போது செல்போனில் நாள் தவறாமல் வருகிறது. முன்பணம் கட்டச் சொல்லி, செய்ததை எல்லாம் நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்பவரிடம் ஒன்றுக்குப் பத்து முறை யோசியுங்கள். விற்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கை பழகி, நாலு பேர் கேட்டு வாங்கி, மெழுகு, திரி, எரிவாயு, உங்கள் நேரம் எல்லாவற்றையும் கணக்கில் எழுதிய பிறகு விற்றுப் பாருங்கள். அதுவரை பொழுதுபோக்காகவே இருக்கட்டும். அதில் தோற்றால் 250 ரூபாயோடு போகும். கடன்காரன் வாசலுக்கு வர மாட்டான்.

இது பெண்கள் வேலை என்பதும் வெறும் பேச்சு. சிவில் பிரிவுத் தோழி ஒருத்தி ஒயர் கூடை பின்னுவாள். சிவன் கண், நெல்லிக்காய் முடிச்சு எல்லாம் அத்துபடி. "அடியில ஒரு ஒயர் எண்ணிக்கை தப்பினா, மேல போகப் போகக் கூடையே கோணும். அஸ்திவாரம் மாதிரிதான்" என்றாள். கேலி செய்த பையன்களே இப்போது அவளிடம் கூடை கேட்டு வரிசையில் நிற்கிறார்கள். "கூடை தர மாட்டேன், கத்துத் தர்றேன்" என்கிறாள்!

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

நம் மாணவர் சங்கம் கலைவிழாவுக்குச் செலவு செய்கிறது, விளையாட்டுக்குச் செலவு செய்கிறது, வரவேற்கிறேன். கூடவே மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, இரண்டு மணி நேரம் கைவேலைக்கு ஒதுக்க வேண்டும். தெரிந்தவன் தெரியாதவனுக்குக் கற்றுத்தரட்டும். வத்தி, ஒயர் கூடை, சுடுமண் நகை, மர வேலை, கிழிந்த புத்தகத்துக்கு பைண்டிங் என்று எதுவாகவும் இருக்கலாம். ஆசிரியர் ஒருவர் மேற்பார்வை, ஒரு மணல் வாளி, தனியே வைத்த பாத்திரங்கள் கட்டாயம். சமைக்கிற பாத்திரம் வேண்டாம், மிச்ச மெழுகைச் சாக்கடையில் கொட்டவும் வேண்டாம்.

இன்னொன்று. இதற்குப் பரிசு வேண்டாம், சான்றிதழும் வேண்டாம். சான்றிதழ் கொடுத்தால் சான்றிதழுக்காக வருவார்கள். பட்டறை வகுப்பில் மதிப்பெண்ணுக்காக அரம் பிடிப்பது போதும். ஓர் இடத்திலாவது, சரியாக வரவேண்டும் என்பதற்காக மட்டும் நம் கை வேலை செய்யட்டும்.

இதனால் வேலை கிடைக்குமா? தெரியாது. ஆனால் நாளை ஒரு வார்ப்படச் சாலையில் குறைப்பட்ட வார்ப்பைக் கையில் கொடுத்து "ஏன் இப்படி?" என்று கேட்டால், எனக்கு முதலில் என் தகர டப்பாதான் ஞாபகம் வரும்.

அச்சு இப்போது பரணில் இல்லை. சமையலறை அலமாரியில் இருக்கிறது. போன மாதம் ஊருக்குப் போனபோது அதில் புதிதாக எண்ணெய் தடவியிருந்தது. நான் தடவவில்லை. நான் கேட்கவுமில்லை, அம்மா சொல்லவுமில்லை.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஏதாவது கிடக்கும். ஒருமுறை ஏறிப் பாருங்கள் நண்பர்களே!

— மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன்