யானை வாங்கியவன் கணக்கு

தாம்பரத்தைத் தாண்டித் தெற்கே ஓடும் ஜி.எஸ்.டி. சாலையில் நாம் நாள்தோறும் பேருந்தில் தொங்கிக்கொண்டு போகிறோம். அந்தச் சாலைக்கு ஒரு பெருமை உண்டு. செல்வர்கள் ஏறும் சொகுசு மகிழுந்துகளைப் பெற்றெடுத்த சாலை அது. பரனூர் அருகே மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 முதல் பி.எம்.டபிள்யூ வண்டிகள் உருவாகி வெளிவருகின்றன. அதற்கு முன்பே மறைமலை நகரில் ஃபோர்டு நிறுவனம் ‘மான்டியோ’ என்னும் பெரிய வண்டியைச் சில காலம் தயாரித்தது. அதற்கும் முன்பே, 1985ஆம் ஆண்டில், நம் பெருங்களத்தூரில் ‘ஸ்டாண்டர்ட் 2000’ பிறந்தது. வண்டலூரில் மிருகக்காட்சிசாலை திறக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். மிருகக்காட்சிசாலை இன்றும் இருக்கிறது. மற்றது மூன்று ஆண்டுகளில் மறைந்து போயிற்று.

ஏன் மறைந்தது? “தொழிலாளர் சரியில்லை” என்பார் சிலர். “மாருதி வந்தது, எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போயிற்று” என்பார் வேறு சிலர். பொருளியல் மாணவனாகிய என் கருத்து வேறு. ஒரு மகிழுந்துக்கு எஜமானர்கள் இருவர். ஒருவர் அதை வாங்குகிறவர்; மற்றவர் அதை வைத்துக்கொள்கிறவர். இருவரும் ஒரே ஆள்தான். ஆயினும் முதல் மாதத்தில் இருப்பவர் முன்னவர். மூன்றாம் ஆண்டில் இருப்பவர் பின்னவர். ஸ்டாண்டர்ட் 2000 முன்னவருக்காகவே செய்யப்பட்ட வண்டி. பின்னவரை யாரும் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

சற்றே வரலாற்றைப் பார்ப்போம். இங்கிலாந்தின் ஸ்டாண்டர்ட் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து 1948ல் தொடங்கப்பட்டது ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. வான்கார்ட், டென், பென்னன்ட், ஹெரால்டு, கேஸல் என்று வரிசையாக வண்டிகள் வந்தன. தொழிலாளர் மீது பழி போடுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். இங்கிலாந்தில் ஹெரால்டு இரண்டு கதவோடுதான் விற்றது. அதற்கு நான்கு கதவு வைத்து 1968ல் வெளியிட்டது நம் ஊர் ஆலை. வெள்ளைக்காரன் செய்யாததைச் செய்த கைகள் அவை. 1970களின் பிற்பகுதியில் கேஸல் நின்றது. பிறகு சில ஆண்டுகள் அங்கே வேன் போன்ற வணிக வண்டிகள் மட்டுமே ஓடின. அந்த நிலையில்தான் ஒரே தாவலில் வானத்தைத் தொட எண்ணினார்கள்.

தொட எண்ணிய வானம் சாதாரணமானதன்று. ரோவர் எஸ்.டி.1 என்னும் வண்டி 1976ல் இங்கிலாந்தில் வெளியானது. 1977க்கான ஐரோப்பாவின் சிறந்த மகிழுந்து என்ற விருதையும் பெற்றது. முன்பக்கம் தாழ்ந்து, பின்பக்கம் சரிந்து, இத்தாலியப் பந்தய வண்டியைப் போன்ற அழகு. 3528 சி.சி. கொண்ட எட்டு சிலிண்டர் எஞ்சினோடு அது முதலில் வந்தது. அந்த உடலைத்தான் நம் ஊருக்குக் கொண்டுவந்தார்கள். மேடு பள்ளமான நம் சாலைகளுக்கு ஏற்ப வண்டியைத் தரையிலிருந்து சற்றே உயர்த்தினார்கள். அது நல்ல காரியம். ஆனால் உள்ளே வைத்த எஞ்சின்? 1991 சி.சி. கொண்ட பழைய வான்கார்ட் வம்சத்து நாலு சிலிண்டர் எஞ்சின்! 1947ல் பிறந்த வம்சம் அது. ஃபெர்குசன் டிராக்டரில் உழவுக்குப் போனதும் அந்த வம்சத்து எஞ்சின்தான். அதோடு நாலு கியர்.

அந்த எஞ்சினை நான் இகழவில்லை. உண்மையில் அது உரமானது. சிலிண்டருக்குள் இருக்கும் லைனரைத் தேய்ந்தபின் கழற்றி எறிந்துவிட்டு வேறு போடலாம். சாலையோரப் பட்டறை மெக்கானிக்குகூடச் சரிசெய்யக்கூடிய அமைப்பு. இதே 1991 சி.சி. அளவில் 1953ல் டிரையம்ஃப் டி.ஆர்.2 என்னும் இலகுவான விளையாட்டு வண்டியில் அது துள்ளி ஓடியது. ஆனால் எஸ்.டி.1 அதைவிடப் பல நூறு கிலோ கூடுதல் எடை கொண்டது. 83 குதிரைத் திறன் என்று சொல்லப்பட்ட எஞ்சின் அந்த உடலை இழுக்க வேண்டுமானால் எந்நேரமும் மிதியை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். மிதியை அழுத்தினால் பெட்ரோல் குடிக்கும். இது வெள்ளிடை மலை.

இங்கேதான் வேறொரு சிக்கல் எழுந்தது. எரிபொருளைச் சிக்கனமாகச் செலவிடும் வண்டிகளுக்கு அரசு வரிச் சலுகை கொடுத்த காலம் அது. இந்த வண்டி அந்தச் சலுகைக்குத் தகுதியானதுதானா என்பதே பெரிய சர்ச்சையாகிவிட்டது. 1988ல் உற்பத்தி நின்றது.

“அந்தக் காலத்தில் வேறு வழி இல்லை, உரிமங்களின் ஆட்சி, புதிய எஞ்சினுக்கு எங்கே போவார்கள்?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்குக் கல்கத்தா பக்கம் ஒரு விடை இருக்கிறது. இந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனியும் ஏறக்குறைய அதே நேரத்தில் இதே பிழையைத்தான் செய்தது. இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் விக்டர் உடலுக்குள் அம்பாசடரின் 1489 சி.சி. எஞ்சினை வைத்து ‘கான்டெஸா’ என்று பெயர் சூட்டியது. ஆனால் சில ஆண்டுகளில் அவர்கள் ஜப்பானின் இசுசூ நிறுவனத்து 1.8 லிட்டர் எஞ்சினை மாற்றிப் பொருத்தினார்கள். அதே உடல், வேறு எஞ்சின். கான்டெஸா 2002 வரை உயிரோடிருந்தது.

பழங்கதை போதும், இன்றைய நிலை என்ன என்கிறீர்களா? சொல்கிறேன். சேலையூரில் இருக்கும் என் தாய்மாமன் கட்டட ஒப்பந்ததாரர். ஐந்து ஆண்டு ஓடிய வெளிநாட்டுச் சொகுசு வண்டி ஒன்றைப் பதினொன்றரை லட்ச ரூபாய்க்கு வாங்கினார். புதிய சிறு வண்டி ஒன்றின் விலை அது! கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். மாமாவுக்குக் கணக்கெழுதும் வேலை எனக்கு. பெட்ரோல் சீட்டு, சர்வீஸ் பில், இன்சூரன்ஸ் ரசீது எல்லாம் என் கையில்தான் வந்து சேரும். ஓர் ஆண்டு முழுதும் நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்தேன்.

ஓடிய தொலைவு 9,612 கிலோமீட்டர். குடித்த பெட்ரோல் 1,098 லிட்டர். அதாவது லிட்டருக்கு எட்டே முக்கால் கிலோமீட்டர். பதினான்கு கொடுக்கும் என்று விளம்பரத்தில் படித்திருந்தார் மாமா. கேம்ப் ரோட்டில் நின்று, இரும்புலியூரில் நின்று, பல்லாவரத்தில் நின்று, கிண்டி கத்திப்பாராவில் மறுபடியும் நிற்கிற வண்டி எப்படிப் பதினான்கு கொடுக்கும்? பெட்ரோலுக்கு மட்டும் ஒரு லட்சத்துப் பதினோராயிரம். இன்சூரன்ஸ் நாற்பத்தாறாயிரம். நாலு டயர் அறுபத்திரண்டாயிரம். பிரேக் பேடும் அதைச் சேர்ந்த சென்சாரும் முப்பத்தெட்டாயிரம். ஆண்டு சர்வீஸ் நாற்பத்தோராயிரம். சரக்கு ஆட்டோ ஒன்று உரசியதில் ஒரு ஹெட்லைட் உடைந்தது. அதற்கு எண்பத்து நாலாயிரம். ஒரே ஒரு விளக்கு! அதுவும் இருபத்து மூன்று நாள் கழித்து வந்தது. அதுவரை மாமா பழைய ஸ்கூட்டரில்தான் போனார்.

கூட்டினால் மூன்று லட்சத்து எண்பத்திரண்டாயிரம். ஆண்டு முடிவில் புரோக்கரிடம் விலை கேட்டால் எட்டேகால் லட்சம் என்றார். விலையில் தேய்ந்தது மூன்றேகால் லட்சம். அதையும் சேர்த்து, ஓடிய தொலைவால் வகுத்துப் பார்த்தேன். கிலோமீட்டருக்கு எழுபத்து மூன்று ரூபாய்! அந்தக் காசில் தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை மின்சார ரயிலில் போய்த் திரும்பி, நடுவில் டீயும் வடையும் சாப்பிடலாம்.

ஆனால் நண்பர்களே, ஒன்றைக் கவனியுங்கள். அந்த ஓர் ஆண்டில் வண்டி ஒரு நாள்கூட நடுரோட்டில் நிற்கவில்லை. மழையிலும் வெயிலிலும் ஒரே சாவியில் கிளம்பியது. நம்பகம் என்பது வழியில் நிற்காமல் ஓடுவது மட்டும்தான் என்றால் நூற்றுக்கு நூறு கொடுக்கலாம். இன்னொன்று: நாம் வாய் ஓயாமல் பேசும் மைலேஜ், செலவில் எவ்வளவு பங்கு? தேய்மானத்தை விட்டுவிட்டால்கூட, மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. விளம்பரத்தில் சொன்ன பதினான்கு கிடைத்திருந்தாலும் ஆண்டுக்கு மிச்சமாகியிருப்பது நாற்பத்திரண்டாயிரம். ஹெட்லைட்டில் பாதி!

இதை மாமாவிடம் வாசித்துக் காட்டினேன். அவர் சிரித்தார். “டேய், சைட்டுக்கு இதுல போய் இறங்கினா பார்ட்டி பேரம் பேசறதில்லடா. அந்தக் கணக்கை எந்தப் பக்கம் எழுதுவே?” என்றார். விடை சொல்ல முடியவில்லை. அவர் தொழிலுக்கு அது விளம்பரப் பலகை, இருக்கட்டும். ஆனால் நம்மில் பலர் வேலை கிடைத்த முதல் ஆண்டிலேயே ஏழாண்டுக் கடனில் இத்தகைய வண்டியை வாங்கக் கனவு காண்கிறோம். நமக்கு எந்தப் பார்ட்டி அட்வான்ஸ் கொடுக்கப் போகிறான்?

மைலேஜ் எண்ணைக்கூட முழுதும் நம்புவதற்கில்லை. அது சோதனைக் கூடத்தில், உருளைகளின்மேல் வண்டியை ஓட்டி அளந்த எண். முடிச்சூர் சாலையின் பள்ளத்தை அந்த உருளை அறியாது. அந்தக் கூடத்து அளவிலும் கைவரிசை காட்டியவர்கள் உண்டு. நம் திருவள்ளூரில் 1998 முதல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த லான்சர் வண்டியை அறிவீர்கள். அதன் மூலக் கம்பெனியான ஜப்பானின் மிட்சுபிஷி, 2016ல் ஆறு லட்சத்து இருபத்தையாயிரம் சிறு வண்டிகளின் எரிபொருள் சோதனையில் பொய்க் கணக்குக் காட்டியதை ஒப்புக்கொண்டது. (லான்சருக்கும் அதற்கும் தொடர்பில்லை, அது ஜப்பானில் விற்ற சிறு வண்டிகளின் கதை.) பெருங்களத்தூரில் 1980களில் எழுந்த கேள்வி, முப்பது ஆண்டு கழித்து டோக்கியோவில் எழுந்தது.

மழையையும் மறந்துவிடக் கூடாது. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது தாழ்வான வண்டிகள் பட்டபாடு இந்தப் பகுதி மக்கள் அறிந்ததே. தண்ணீரில் நின்ற வண்டியை அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்து எஞ்சினைப் பறிகொடுத்தவர்களுக்கு, அதற்கென்று தனிப் பாதுகாப்பு எடுத்திருந்தாலொழிய, இன்சூரன்ஸ் கைகொடுப்பதில்லை. விலை கூடக்கூட வண்டிக்குள் மின்னணுப் பெட்டிகளும் கூடுகின்றன. வான்கார்ட் எஞ்சினாயிருந்தால் பிரித்துக் காயவைத்து மாட்டியிருப்பார்கள்!

எல்லாவற்றிலும் பெரியது உதிரிபாகம். ஆலை மூடினால் வண்டி அநாதை. ஸ்டாண்டர்ட் ஆலை வளாகம் 2006ல் ஏலத்துக்கு வந்தது. ஆயிரக்கணக்கான உதிரிபாகங்கள் பழைய இரும்பாகப் போயின. மிஞ்சிய எஸ்.டி.1 பாகங்களை மொத்தமாக வாங்கியது இங்கிலாந்தின் ரிம்மர் பிரதர்ஸ் என்னும் உதிரிபாகக் கடை. அதாவது, சென்னையில் ஸ்டாண்டர்ட் 2000 வைத்திருப்பவர் ஒரு பாகம் வேண்டுமென்றால், பெருங்களத்தூரில் கிடந்த அதே பாகத்தை இங்கிலாந்திலிருந்து வரவழைக்க வேண்டும்! ஆலை இருந்த நிலத்தில் இப்போது கணினி அலுவலகங்களும் அடுக்குமாடி வீடுகளும் நிற்கின்றன. மறைமலை நகரில் 2022ல் ஃபோர்டு உற்பத்தியை நிறுத்தியபோது வண்டி வைத்திருந்தவர்கள் முதலில் கேட்டதும் இதைத்தான்: “பாகம் கிடைக்குமா?” கிடைக்கும் என்று கம்பெனி வாக்குக் கொடுத்தது. 1988ல் அப்படிக் கேட்டவர்களுக்கு வாக்குக் கொடுக்கவும் கம்பெனி மிஞ்சவில்லை.

எனவே என் கோரிக்கை இதுதான். மைலேஜைச் சோதித்துச் சான்று கேட்கும் அரசு, அதோடு இரண்டு விவரங்களையும் வண்டி விற்கும் காட்சிக்கூடத்துச் சுவரில் ஒட்டச் சொல்லட்டும். ஒன்று, ஹெட்லைட், கண்ணாடி, பம்பர், பிரேக் முதலிய இருபது பாகங்களின் விலை. மற்றொன்று, உற்பத்தி நின்றபின் எத்தனை ஆண்டு பாகம் தருவார்கள் என்பது. பழுதுபார்க்கும் உரிமைக்கென்று 2022 டிசம்பரில் ஒன்றிய அரசே ஓர் இணையத்தளம் திறந்தது. மகிழுந்துகளையும் அதில் சேர்த்திருக்கிறது. இணையத்தில் வைக்கலாம் என்றால் காட்சிக்கூடத்துச் சுவரிலும் வைக்கலாம். மாமாகூட இதற்கு மறுப்புச் சொல்லவில்லை. ஹெட்லைட் விலை முன்பே தெரிந்திருந்தால் வாங்கியிருப்பீர்களா என்று கேட்டேன். “வாங்கியிருப்பேன்டா, ஆனா இன்னும் ஒரு லட்சம் குறைச்சுக் கேட்டிருப்பேன்” என்றார்.