முந்நூறு பவுண்டும் ஒரு பழைய சூப்பர்மோட்டோவும்: சத்தத்தைக் கடைசிக்கு வையுங்கோ



இந்தக் கிழமை எபிசோட்டில் பழைய மெஷின்களைத் திருத்திப் பாவிப்பது பற்றிக் கதைத்தோம். கடைசிப் பத்து நிமிஷம் என்னுடைய பைக்கிலேயே போய்விட்டது. கூட இருந்தவர் சிரித்துக்கொண்டு கேட்டார்: "பழசிலை காசைக் கொட்டுறதை விட, சேர்த்துவைச்சுப் புதுசு வாங்கலாம்தானே?" மைக் முன்னால் இருந்தபோது எனக்குச் சரியான பதில் வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் கருத்து இதுதான். தெருவில் ஓடுகிற சூப்பர்மோட்டோவுக்கு 300 பவுண்டுக்குள் நாங்களே கையால் செய்யக்கூடிய நல்ல மாற்றங்கள் நிறைய இருக்கு. ஆனால் எங்களில் கனபேர் அதைத் தலைகீழாகச் செய்கிறோம். முதலில் சத்தம், பிறகு பவர், கடைசியில்தான் பிரேக்கும் சஸ்பென்ஷனும். நானும் அப்படித்தான் தொடங்கினேன். அதன் விளைவாக ஒரு நாள் ஹாங்கர் லேன் சந்தியில், ஒரு லொறிக்கு முன்னால், நின்றுபோன எஞ்சினோடு இருந்தேன்.

என்ன பைக்?

தெரியாதவர்களுக்கு: சூப்பர்மோட்டோ என்றால் மண்ணில் ஓடுகிற பைக்கின் உடம்பு, தெருவில் ஓடுகிற 17 அங்குலச் சில்லு. 1979-இல் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சி, மோட்டோகிராஸ் ஓடுபவர்களையும் தெரு ரேஸ் ஓடுபவர்களையும் பிளாட் டிராக் ஓடுபவர்களையும் ஒரே தடத்தில் மோதவிட்டு ஆர் கெட்டிக்காரர் என்று பார்த்தது. அங்கேயிருந்து வளர்ந்த வகை இது.

என்னுடையது சுசுகி டிஆர்-இசட்400எஸ்எம். 398 சிசி, ஒற்றைச் சிலிண்டர், காபரேட்டர். ஏபிஎஸ் இல்லை, டிராக்‌ஷன் கன்ட்ரோல் இல்லை. ஒரு கொன்ட்ராக்ட் முடிந்து அடுத்தது கிடைக்காமல் நாலு மாதம் வீட்டில் இருந்த காலத்தில்தான் இதில் கை வைக்கத் தொடங்கினேன். காசு இல்லை, நேரம் இருந்தது. ஒவ்வொரு நாளும் வேலைக்கு மெயில் அனுப்பிப் பதில் வராமல் இருக்கும்போது, ஏதாவது ஒன்றைக் கழட்டித் திரும்பப் பூட்டி, அது வேலை செய்வதைப் பார்க்க மனம் கேட்கும்.

நான் விட்ட பிழை

இந்தப் பைக் வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்த ஒரு மாற்றம் இருக்கு. ஏர்பொக்ஸின் மேல் பக்கத்தில் மூன்று அங்குலத்துக்கு மூன்று அங்குலம் சதுரமாக வெட்டுவது. செலவு பூச்சியம். எஞ்சினுக்குக் காற்றுக் கூடும். ஆனால் காற்றுக் கூடினால் அதற்கு ஏற்றபடி பெற்றோலும் கூட வேண்டும். அதற்குக் காபரேட்டருக்குள் ஜெட் மாற்ற வேண்டும். ஜெட் என்பது அளந்த துளை போட்ட ஒரு சின்னப் பித்தளைத் துண்டு. துளை பெரிதானால் பெற்றோல் கூடப் போகும், அவ்வளவுதான்.

நான் செகண்ட் ஹாண்டில் ஒரு சைலன்சர் வாங்கிப் பூட்டினேன். ஏர்பொக்ஸை வெட்டினேன். ஜெட் கிட் தபாலில் வர ஒரு கிழமை என்றார்கள். ஒரு நாள்தானே என்று எடுத்துக்கொண்டு போனேன்.

ஹாங்கர் லேனில் பச்சை விழுந்தது. திராட்டிலைத் திறந்தேன். எஞ்சின் ஒருக்கால் திக்கி, அப்படியே அணைந்தது. பின்னால் லொறியின் பிரேக் கத்தின சத்தம் இப்பவும் காதில் இருக்கு. அந்தச் சாரதி ஃபோனைப் பார்த்துக்கொண்டு இருந்திருந்தால் இந்தக் கடிதம் இல்லை.

பைக்கை ஓரமாகத் தள்ளிக்கொண்டுபோய் அப்பாவுக்கு ஃபோன் பண்ணினேன். அவர் வந்தார், ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் காலை தேத்தண்ணிக் கோப்பையோடு வெளியே வந்து, "பிளக்கைக் கழட்டு பாப்பம்" என்றார். கழட்டிக் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"வெள்ளையாக் கிடக்கு. காத்துக் கூடிப்போச்சு, எண்ணெய் காணாது. ஓட்டையைப் போட்டனி, ஜெட்டை மாத்தினியோ?"

எனக்குத் தெரிந்த அப்பா இருபத்தைந்து வருஷமாகப் பெற்றோல் ஸ்டேஷன் கவுண்டரில் நின்றவர். அவர் ஸ்பானர் பிடித்து நான் பார்த்ததில்லை. ஆனால் 1990-களின் முதல் பாதியில், யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வர விடாமல் தடை போட்டிருந்த காலத்தில், அங்கே மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாறுவது. அதை ஓட வைக்கிறவனுக்குக் காற்றும் எண்ணெயும் எந்த அளவில் சேர வேண்டும் என்று கையிலேயே தெரிந்திருக்க வேண்டும். அப்பா அப்படி ஒரு பைக்கில் வேலைக்குப் போய் வந்தவராம். நான் ஒரு நாளும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

நான் இப்போது சொல்லுகிற வரிசை

இதிலிருக்கும் விலைகள் எனக்கு முடிந்த செலவு. உங்களுக்குக் கொஞ்சம் கூடக் குறைய வரும்.

ஒன்று, காசே இல்லாத வேலை. டயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும்: முதல் இரண்டும் கிழமை, அடுத்த இரண்டும் வருஷம். என்னுடையதில் 1114 என்று இருந்தது. 2014-ஆம் ஆண்டின் 11-ஆம் கிழமை. தவாளிப்பு நல்லா இருந்தது, ஆனால் ரப்பர் கல்லுப் போல. உங்களுடையதும் அப்படியென்றால் இந்த 300 பவுண்ட் கணக்கை மறந்துவிட்டு முதலில் டயர் மாற்றுங்கோ. மற்றபடி, ஒரு நல்ல காற்றழுத்தமானி 10 பவுண்ட்.

இரண்டு, பிரேக். பிரேக் எண்ணெய் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும்; அதனால்தான் இரண்டு வருஷத்துக்கு ஒருக்கால் மாற்றச் சொல்கிறார்கள். புது எண்ணெயும் முன்பக்கப் பேட்ஸும் 40 பவுண்ட். இது முதல் தடவையென்றால் செய்து பழகின ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். பிரேக்கில் கற்றுக்கொள்ளும் பிழையை வீதியில் போய்க் கண்டுபிடிக்கக் கூடாது.

மூன்று, சஸ்பென்ஷனை உங்கள் பாரத்துக்குச் சரிசெய்வது. நீங்கள் ஏறி இருந்தால் பைக் எவ்வளவு கீழே இறங்குகிறது என்பது முழு அசைவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இருக்க வேண்டும். பின் அச்சிலிருந்து மேலே ஒரு அடையாளம் வரைக்கும் மீற்றர் டேப்பால் இரண்டு தரம் அளந்தால் போதும்: சில்லு தரையில் படாமல் ஒருக்கால், நீங்கள் முழு உடுப்போடு ஏறி இருந்து ஒருக்கால். கூடக் குறைய இருந்தால் பின் ஸ்பிரிங்கின் இறுக்கத்தை மாற்றுங்கோ. முன் ஃபோர்க்கில் ஒரு கேபிள் டை கட்டிவிட்டால் எவ்வளவு தூரம் அமுங்குகிறது என்று அது காட்டும். அரை மணித்தியால வேலை. நான் செய்த எல்லாவற்றிலும் ஓட்டத்தைக் கூடுதலாக மாற்றினது இதுதான். வளைவில் முன்சில்லு எங்கே இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

நாலு, இந்த மொடலின் தெரிந்த பலவீனங்கள். கேம் செயினை இறுக்கிப் பிடிக்கிற தானியங்கி டென்ஷனர் சில பைக்குகளில் பிழைத்துவிடும். கையால் இறுக்கும் வகை 45 பவுண்ட். கூடுதலாக இறுக்கினால் அதுவும் கேடு, ஆகவே வழிகாட்டியை இரண்டு தரம் வாசியுங்கோ. எஞ்சினுக்குள் பிரைமரி கியர் நட்டும் ஜெனரேட்டர் பக்கத்து போல்ட்டும் கழரக்கூடியவை. கழட்டித் துடைத்து, நட்டுக் கழராமல் பிடிக்கிற பசை போட்டு, சொன்ன அளவுக்கு இறுக்க வேண்டும். பசையும் கேஸ்கெட்டும் 25, செகண்ட் ஹாண்ட் டோர்க் ரென்ச் 30.

ஐந்து, விழுந்தால் லீவர் முறியாமல் காக்கிற ஹாண்ட்கார்ட், 35. லண்டனில் பைக் நிறுத்திவைத்த இடத்திலேயே விழும்.

ஆறு, இதுக்குப் பிறகுதான் வேகம். முன் ஸ்புரொக்கெட்டை 15 பல்லிலிருந்து 14-ஆக மாற்ற 15 பவுண்ட். 15-ஐ 14-ஆல் பிரித்துப் பாருங்கோ: அதே வேகத்தில் எஞ்சின் ஏறத்தாழ 7 வீதம் கூடச் சுற்றும். சந்தியிலிருந்து கிளம்பச் சுகம், மோட்டர்வேயில் கரைச்சல். நான் மோட்டர்வே போவதில்லை, அதனால் எனக்குச் சரி.

ஏழு, கடைசியில், ஏர்பொக்ஸும் ஜெட்டும் ஒரே நாளில். ஜெட் கிட் 65, கையால் திருப்பக்கூடிய நீண்ட மிக்ஸர் ஸ்குரூ 20. வெட்டின துண்டை எறியாதீங்கோ. நான் அதை நாலு சின்னப் போல்ட்டால் திரும்பப் பூட்டக்கூடிய மாதிரி வைத்திருக்கிறேன்.

கூட்டிப் பார்த்தால் 285 பவுண்ட்.

எங்கள் வேலையில் லைவ் சிஸ்டத்தில் ஒரே நேரத்தில் மூன்று மாற்றத்தை ரோல்பேக் இல்லாமல் போட்டால் என்ன ஏச்சு விழும் என்று உங்களுக்குத் தெரியும். பைக்கில் மட்டும் ஏன் அப்படிச் செய்கிறோம்? ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். கொப்பியில் திகதி, என்ன மாற்றினேன், என்ன உணர்ந்தேன் என்று எழுதுங்கோ. பிறகு ஒரு கிழமை ஓடுங்கோ.

சட்டமும் பக்கத்து வீடும்

நான் வாங்கின சைலன்சரில் 'வீதிப் பாவனைக்கு அல்ல' என்று பொறித்திருந்தது. பிரிட்டனில் அந்தப் பொறிப்பு இருந்தாலே எம்ஓடி சோதனையில் ஃபெயில். போனேன், ஃபெயில். பழைய சைலன்சரைத் திரும்பப் பூட்டினேன். உண்மையைச் சொன்னால் பைக்கின் ஓட்டத்தில் ஒரு வித்தியாசமும் எனக்குத் தெரியவில்லை. வித்தியாசம் தெரிந்தது பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்கு.

மாற்றங்களை இன்ஷூரன்ஸுக்குக் கட்டாயம் சொல்லுங்கோ. சொல்லாமல் விட்டால், விபத்து நடந்த பிறகு அவர்கள் பணம் தர மறுக்க இடம் கொடுக்கிறீர்கள். நான் ஃபோன் எடுத்துச் சொன்னேன், கொஞ்சம் கூட்டினார்கள். அந்தக் காசையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கோ.

அப்போ புதுசு வாங்கக் கூடாதா?

வாங்கலாம். இதே வரிசையில் இப்போது வந்திருக்கும் டிஆர்-இசட்4எஸ்எம்மில் ஃபியூவல் இன்ஜெக்‌ஷன், ஏபிஎஸ், டிராக்‌ஷன் கன்ட்ரோல் எல்லாம் இருக்கு. ஏபிஎஸ் உயிரைக் காக்கும். மழையில் அது இல்லாமல் ஓடுகிற எனக்கு அது நன்றாகத் தெரியும். நீங்கள் இப்போதுதான் லைசன்ஸ் எடுத்தவர், ஒவ்வொரு நாளும் மழையிலும் வேலைக்குப் போகிறவர், கையில் காசும் இருக்கிறது என்றால், புதுசை வாங்குங்கோ. அதில் எனக்கு வாதம் இல்லை.

எனக்குக் கவலை வேறு. என் வயதிலும் உங்கள் வயதிலும் இருக்கிற நாங்கள் ஸ்கிரீனுக்குள் எதையும் திருத்துவோம். ஸ்கிரீனுக்கு வெளியே ஒரு நட்டுக் கழர்ந்தால் கார்டை எடுத்து நீட்டுவோம். பிழைக்கக் கஷ்டப்பட்டவர்களின் பிள்ளைகள் என்பதால் கையில் எண்ணெய் படுவதை வறுமையின் அடையாளமாக நினைக்கப் பழகிவிட்டோம். "படிச்சுப்போட்டு ஏன் இந்த வேலை?" என்று என் மாமியும் கேட்டார். என்னிடம் இரண்டு பதில் இருக்கு. ஒன்று, அந்த நாலு மாதமும் மெக்கானிக்குக் கொடுக்க என்னிடம் காசு இருக்கவில்லை. அதைச் சொல்ல வெட்கமில்லை. மற்றது, தன் பைக்கைத் தானே கழட்டிப் பூட்டினவனுக்கு அது போடுகிற ஒவ்வொரு சத்தத்தின் காரணமும் தெரியும். அன்றைக்கு ஹாங்கர் லேனில் எனக்கு அது தெரியவில்லை.

ஜெட் மாற்றின அன்று அப்பா பக்கத்தில் கதிரை போட்டு இருந்தார். மிக்ஸர் ஸ்குரூவை நான் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்ப, அவர் கண்ணை மூடி எஞ்சினைக் கேட்டார். "இன்னும் கொஞ்சம்… நிப்பாட்டு. அதிலை விடு." இரண்டு வருஷமாக அது அதிலேயே இருக்கு. மண்ணெண்ணெய்க் கதை முழுவதையும் அன்றைக்குத்தான் சொன்னார். அவர் சம்மதித்தால் அதை ஒரு எபிசோட்டாகவே செய்வோம்.

அதுவரைக்கும் ஒரு வீட்டுவேலை. இந்தச் சனிக்கிழமை ஒரு மீற்றர் டேப்பும் ஒரு கேபிள் டையும் எடுத்து உங்கள் பைக்கை அளந்து, வந்த இலக்கத்தை எங்களுக்கு எழுதி அனுப்புங்கோ. டயரில் இருக்கிற நாலு இலக்கத்தையும் சேர்த்து அனுப்புங்கோ. 1114-ஐ விடப் பழசு ஆரிடமாவது இருந்தால், தயவுசெய்து அதில் ஏறாதீங்கோ.